இரவு 2 மணிக்கு ஓடவேண்டிய வேலை: லினக்ஸ் கிரோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியூட்டரி, அச்சகம், மருந்துக்கடை, ஒன்றிரண்டு பள்ளிக்கூட ஆய்வுகூடம் என்று யாழ்ப்பாணத்துக்குள் நான் லினக்ஸ் போட்டுக்கொடுத்த இடங்களிலிருந்து வருகிற போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாக ஓட வைப்பது எப்படி, ஓட வைத்தது ஏன் ஓடவில்லை. போனில் எப்படிச் சொல்வேனோ அப்படியே கட்டளைகளையும் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குறியீடுகளும் இடைவெளிகளும் இங்கே உள்ளபடியே இருக்கட்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கிரோன் என்றால் என்ன?

நல்லூர்க் கோயில் மணியைக் கேட்டு வீட்டு மணிக்கூட்டைச் சரிபார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று அந்த மணி பார்ப்பதில்லை. நேரம் வந்தால் அடிக்கும். கிரோனும் அந்தச் சாதிதான். கணினி எழும்பும்போது தானும் எழும்பி, நிமிடத்துக்கு ஒரு தடவை தன் பட்டியலைப் பார்க்கும். அந்த நிமிடத்துக்குரிய வேலை இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் பேசாமல் கிடக்கும். பக்கப் (காப்புப் பிரதி) எடுப்பது, பழைய லொக்குகளை, அதாவது நடந்ததைக் கணினி எழுதி வைக்கும் பதிவுகளை, அழிப்பது, இரவில் பெரிய கோப்புகளை இறக்குவது எல்லாம் இதற்குரிய வேலைகள்.

சாமான் பழையது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரோன் இருந்தது. நேரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான கிரோனோஸிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் இருப்பது 1987இல் போல் விக்சி எழுதியதன் வழி வந்தது. பெடோரா குடும்பத்தில் இருப்பது 2007இல் அதிலிருந்து கிளைத்த கிரோனி. அன்றாடப் பாவனைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எப்படி நிறுவுவது?

முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்: “சிஸ்டெம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரோன்”. பச்சை நிறத்தில் ஆக்டிவ் என்று வந்தால் நிறுவ ஒன்றுமில்லை, அடுத்த கேள்விக்குப் போகலாம். உபுண்டு, டெபியன், மின்ட், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் “சுடோ ஏப்ட் இன்ஸ்டோல் கிரோன்”.

பெடோரா, அல்மா, ரொக்கி என்றால் பொதியின் பெயர் கிரோனி; சேவையின் பெயர் கிரோன்டி, அதாவது கிரோனுக்குப் பின்னால் ஒரு டி. “சுடோ டிஎன்எஃப் இன்ஸ்டோல் கிரோனி” என்று போட்டு, பிறகு “சுடோ சிஸ்டெம்சிடிஎல் எனேபிள் --நவ் கிரோன்டி”. பொதிக்கு ஒரு பெயர், சேவைக்கு வேறொரு பெயர் என்பதால் இங்கே தடுமாறுகிறவர்கள் கனபேர். ஆர்ச் லினக்ஸில் கிரோன் இயல்பாக வராது, நீங்களே போட வேண்டும். டொக்கர் கொள்கலன்களுக்குள்ளும் தேடிக் களைக்க வேண்டாம், அநேகமாக இருக்காது.

அந்த ஐந்து நட்சத்திரங்களுக்கு என்ன பொருள்?

“கிரோன்டாப் -ஈ” என்று தட்டினால் உங்கள் பட்டியல் திறக்கும். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் கிரோன்டாப். உபுண்டுவில் முதல் தடவை எந்த எடிட்டர் வேண்டும் என்று கேட்கும். நானோவைத் தெரிவுசெய்யுங்கள். தெரியாமல் விம் என்ற மற்ற எடிட்டருக்குள் போனவர்களை வெளியே எடுப்பதற்கென்றே எனக்கு இரவு பத்து மணிக்குப் போன் வந்திருக்கிறது.

ஒரு வரி இப்படி இருக்கும்:

0 2 * * * /ஹோம்/கடை/வேலை/பக்கப்

இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமையின் நாள். நட்சத்திரம் என்றால் ‘எதுவானாலும்’. ஆகவே மேலே இருப்பது ஒவ்வொரு நாளும் இரவு 2 மணி. 30 16 * * 1-5 என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை பின்னேரம் நாலரை. */15 * * * * என்றால் கால்மணிக்கு ஒரு தடவை. ஞாயிறு 0, திங்கள் 1. ஞாயிற்றுக்கு 7 என்று எழுதினாலும் ஏற்கும்.

அதிகம் பேர் விடுகிற பிழை முதல் இடத்தில்தான். * 2 * * * என்று எழுதினால் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஓடாது. 2:00 முதல் 2:59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக அறுபது தடவை ஓடும். மருந்துக்கடை ஒன்றில் ஒரே இரவில் அறுபது பக்கப் கோப்புகள் விழுந்து வட்டு நிரம்பி, விடிய பில் அடிக்க முடியாமல் நின்றார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. மாதத்தின் நாள், கிழமையின் நாள் இரண்டையும் நட்சத்திரம் இல்லாமல் நிரப்பினால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிரோன் அப்படி நினைப்பதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடும். மாதத்தின் முதல் திங்கள் என்று நினைத்து 0 6 1-7 * 1 என்று எழுதினால், முதல் ஏழு நாளும் ஓடும், எல்லாத் திங்களும் ஓடும். முதல் திங்கள்தான் வேண்டுமென்றால் 1-7 மட்டும் வைத்து, இன்று திங்களா என்பதை ஸ்கிரிப்டின், அதாவது கட்டளைகளை எழுதி வைத்த கோப்பின், தொடக்கத்தில் சோதியுங்கள்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் ஓடாமல் இருக்கச் செய்யலாமா?

கிரோனுக்குச் சந்திரனைத் தெரியாது. பௌர்ணமி, அமாவாசை, ஆடிப்பிறப்பு ஒன்றையும் ஐந்து நட்சத்திரத்துக்குள் எழுத முடியாது. நான் செய்வது இது: விடுமுறைத் திகதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதிவிடுவேன். வேலை நாள்தோறும் ஓடும். ஆனால் தொடக்கத்திலேயே இன்றைய திகதி அந்தக் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியேறிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை புதுக் கலண்டர் மாட்டுகிற அன்றே கோப்பையும் மாற்றினால் போதும். மாற்ற மறந்த வருடம் தைப்பூசத்தன்று ஒரு ரியூட்டரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ‘இன்று வகுப்பு உண்டு’ என்று செய்தி போயிற்று.

அண்ணை, எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரோனில் ஓடவில்லை. ஏன்?

இதுதான் தலையாய கேள்வி. நீங்கள் கையால் ஓட்டும்போது உங்கள் வீட்டுச் சூழல் முழுக்கக் கூட வருகிறது: எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள், எந்தெந்த இடத்தில் நிரல்களைத் தேட வேண்டும், என்ன மொழி, என்ன ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எல்லாம். கிரோனுக்கு அது ஒன்றும் தெரியாது. ஊருக்குப் புதிதாக வந்த ஆளை ‘அந்தச் சந்தியிலிருந்து இடப்பக்கம்’ என்று சொல்லி அனுப்புவது போலத்தான். முழு முகவரி கொடுக்க வேண்டும்.

டெபியன், உபுண்டுவில் கிரோன் நிரல்களைத் தேடுகிற இடங்கள் இரண்டே இரண்டு: /யூஎஸ்ஆர்/பின், /பின். நீங்கள் /யூஎஸ்ஆர்/லோகல்/பின்னில் போட்டு வைத்த சாமான் அதன் கண்ணில் படாது. ஆகவே ஸ்கிரிப்டுக்குள் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை எழுதுங்கள், அல்லது கிரோன்டாபின் தலையில் பாத் என்று பெரிய எழுத்தில் போட்டு, சமன் குறியிட்டு, தேவையான இடங்களை நீங்களே கொடுங்கள். அதோடு கிரோன் பாவிக்கும் ஷெல் எஸ்எச். உபுண்டுவில் அது பாஷ் அல்ல, டாஷ். பாஷுக்கே உரிய எழுத்துமுறையைக் கிரோன்டாப் வரியில் எழுதினால் உடையும். அந்தச் சங்கதிகளை ஸ்கிரிப்டுக்குள் வைத்து, அதன் முதல் வரியில் பாஷ் என்று குறித்துவிடுவது நல்லது.

பிறகு சதவீதக் குறி. கோப்புப் பெயரில் திகதி வரட்டும் என்று கிரோன்டாப் வரியிலேயே டேட் +%எஃப் (எஃப் பெரிய எழுத்து) என்று எழுதுவீர்கள். கிரோனுக்கு % என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம். வேலை பாதியில் வெட்டுப்படும். \% என்று முன்னால் சாய்கோடு போட வேண்டும்.

இனி நான் மாட்டுப்பட்ட கதை. கொக்குவில் பக்கம் ஒரு ரியூட்டரிக்கு மாணவர் பதிவுகளை நாள்தோறும் பக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதி, பக்கப்.எஸ்எச் என்று பெயர் வைத்து, /ஈடிசி/கிரோன்.டெய்லி கோப்புறைக்குள் போட்டேன். அனுமதியும் சரி, கையால் ஓட்டிப் பார்த்ததும் சரி. காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர்களின் வட்டு கிரீச்சென்று சத்தம் போட்டு நின்றது. “பக்கப்பிலிருந்து எடுத்துத் தாங்கோ தம்பி” என்றார் பொறுப்பாளர். கோப்புறையைத் திறந்தால் ஒரே ஒரு கோப்பு: நான் கையால் ஓட்டிய அன்றையது. அந்தக் கோப்புறையில் இருப்பவற்றை ஓட்டுவது ரன்-பார்ட்ஸ் என்ற சின்ன நிரல். டெபியன், உபுண்டுவில் அது பெயரில் புள்ளி உள்ள கோப்பைத் தொடாது. எச்சரிக்கையும் கிடையாது, லொக்கில் ஒரு வரியும் கிடையாது. புள்ளியையும் எஸ்எச்சையும் எடுத்துவிட்டு வெறும் பக்கப் என்று பெயர் வைத்திருந்தால் வேலை முடிந்தது. மாணவர் விவரங்களைப் பதிவுக் கொப்பியைப் பார்த்து இரண்டு இரவு இருந்து தட்டிக்கொடுத்தேன், காசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதைப் போட்டாலும் “ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட் /ஈடிசி/கிரோன்.டெய்லி” என்று தட்டி, எந்தெந்தக் கோப்பு ஓடும் என்று பெயரோடு பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.

சின்னச் சங்கதி இன்னும் ஒன்று: /ஈடிசி/கிரோன்டாப், /ஈடிசி/கிரோன்.டி இரண்டிலும் ஐந்து இடங்களுக்குப் பிறகு ஆறாவதாகப் பயனர் பெயர் வரவேண்டும். உங்கள் சொந்தக் கிரோன்டாபில் அது வரக்கூடாது. அவற்றிலிருந்து சொந்தக் கிரோன்டாபுக்கு வரியை அப்படியே வெட்டி ஒட்டினால், பயனர் பெயரையே கட்டளை என்று எடுத்துக்கொண்டு தேடித் திரியும்.

நேரத்துக்குக் கறண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினையே. இரண்டு மணிக்குக் கணினி நின்றிருந்தால் கிரோனைப் பொறுத்தவரை அந்த இரண்டு மணி போய்விட்டது. மூன்று மணிக்குக் கறண்ட் வந்தாலும் பழைய கணக்கைத் தீர்க்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் இதை எல்லாரும் படித்தோம். அது போய்விட்டது என்று இருந்தால், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாக அமைச்சர் சொன்னார். பாணந்துறைக் குரங்குக்குச் சாவகச்சேரி பக்கப் அட்டவணை தெரியவா போகிறது?

இரவில் நிறுத்திவிட்டுப் போகிற கடைக் கணினி, மூடி வைக்கிற மடிக்கணினி, கறண்ட் நிச்சயமில்லாத இடம் ஆகியவற்றுக்கு வெறும் கிரோன் சரிவராது. அனாகிரோன் போடுங்கள்: “சுடோ ஏப்ட் இன்ஸ்டோல் அனாகிரோன்”. அது மணி பார்ப்பதில்லை, நாள் கணக்குப் பார்க்கிறது. கடைசியாக என்றைக்கு ஓடியது என்று ஒரு திகதியை எழுதி வைத்துக்கொள்ளும். கணினி எழும்பியதும் ‘ஒரு நாள் தாண்டிவிட்டதா?’ என்று பார்த்து, தாண்டியிருந்தால் சில நிமிடம் பொறுத்து ஓட்டும். அதன் பட்டியல் /ஈடிசி/அனாகிரோன்டாப்: எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எழும்பியபின் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும், வேலைக்கு ஒரு பெயர், கட்டளை. அனாகிரோன் இருந்தால் கிரோன்.டெய்லி கோப்புறையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகவே கடைக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்கிரிப்டைக் கிரோன்.டெய்லிக்குள் போடுங்கள், பெயரில் புள்ளி வேண்டாம், அனாகிரோன் இருக்கட்டும், மிச்சத்தை மறந்துவிடுங்கள்.

அதற்கும் ஒரு குணம் உண்டு. டெபியன், உபுண்டுவில் மடிக்கணினி பற்றறியில் நிற்கும்போது அனாகிரோன் தொடங்காது. கறண்ட் இல்லாத நேரம் மடிக்கணினியில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ராஸ்பெரி பை வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பை 4 வரை அந்தப் பலகைகளில் மணிக்கூட்டுச் சில்லே இல்லை. பை 5இல் இருக்கிறது, ஆனால் கறண்ட் போனாலும் நேரம் ஓட ஒரு சின்னப் பற்றறி மாட்ட வேண்டும். அது இல்லாத பை, கறண்ட் போய் வந்ததும் தான் நின்ற நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ரவுட்டர் எழும்பி, இன்டர்நெட் வந்து, சரியான நேரத்தை வாங்கும்வரை அது நேற்று இரவிலேயே இருக்கும். பிறகு திடீரென்று பல மணித்தியாலம் முன்னுக்குப் பாயும். அச்சகம் ஒன்றில் பை ஒன்று இதே காரணத்தால் பழைய திகதியோடு பக்கப் எடுத்து, முதல்நாள் நல்ல பக்கப்பின் மேலேயே எழுதிவிட்டது. பழைய மேசைக் கணினிகளிலும் தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பற்றறி செத்தால் இதே கூத்து. பற்றறியை மாற்றுங்கள், வேறு தந்திரம் வேண்டாம்.

கிரோனா, சிஸ்டெம்டி டைமரா? எதைப் படிப்பது?

இரண்டையும். சிஸ்டெம்டி என்பது கணினியின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் நிரல்; குறித்த நேரத்தில் வேலையை ஓட்ட அது வைத்திருப்பதுதான் டைமர். முதலில் கிரோன், ஏனென்றால் எந்தச் சேர்வரில் போய் இருந்தாலும் அதுதான் கண்ணில் படும். ஆனால் புதிதாக ஒரு முக்கியமான வேலை வைக்கும்போது நான் இப்போது டைமரைத்தான் எடுக்கிறேன். ஒரு வரிக்குப் பதில் இரண்டு கோப்பு எழுத வேண்டும் என்பது உண்மைதான். அந்த அலுப்புக்குப் பெறுமதி இருக்கிறது.

/ஈடிசி/சிஸ்டெம்டி/சிஸ்டெம் கோப்புறைக்குள் பக்கப்.சேர்விஸ், பக்கப்.டைமர் என்று இரண்டு கோப்பு. முதலாவது என்ன செய்வது என்று சொல்லும்: வகை ஒன்ஷொட், ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்டின் முழுப் பாதை. இரண்டாவது எப்போது என்று சொல்லும். அதன் டைமர் பகுதியில் நேரத்துக்குரியவை இரண்டு வரி (கோப்பின் கடைசியில் இன்ஸ்டோல் பகுதியும் வேண்டும், இல்லாவிட்டால் எனேபிள் ஆகாது):

ஒன்கலண்டர்=*-*-* 02:00:00
பெர்சிஸ்டன்ட்=ட்ரூ

ஒன், கலண்டர் இரண்டின் முதலெழுத்தும், பெர்சிஸ்டன்டின் முதலெழுத்தும் பெரியவை. இரண்டாவது வரிதான் யாழ்ப்பாணத்துக்கு வேண்டிய வரி. இரண்டு மணிக்குக் கணினி நின்றிருந்தால், எழும்பியதும் விடுபட்ட வேலையை ஓட்டிவிடும். பிறகு “சுடோ சிஸ்டெம்சிடிஎல் டீமன்-ரீலோட்”, அதன் பின் “சுடோ சிஸ்டெம்சிடிஎல் எனேபிள் --நவ் பக்கப்.டைமர்”. சேர்விஸை எனேபிள் பண்ண வேண்டாம், டைமரை மட்டும். பிழை விடுகிறவர்கள் விடுவது இங்கேதான்.

எனக்குப் பிடித்தது “சிஸ்டெம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்”. அடுத்து எப்போது ஓடும், கடைசியாக எப்போது ஓடியது என்று ஒரே அட்டவணையில் காட்டும். எழுதிய நேரம் சரியா என்ற சந்தேகம் வந்தால் “சிஸ்டெம்டி-அனலைஸ் கலண்டர்” என்று போட்டு மேற்கோளுக்குள் அந்த நேரத்தைக் கொடுங்கள். அடுத்த தடவை எந்த நாள், எத்தனை மணி என்று சொல்லிவிடும். நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணுகிற வேலை மிச்சம்.

சேர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. நேரம் குழம்புகிறது.

வாடகைச் சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நிற்கும். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே இங்கே இரவு 2 மணி என்றால் அங்கே முதல்நாள் 20:30. இதில் கிழமையும் மாறுகிறது: நமது திங்கள் அதிகாலை 2 மணி அவர்களுக்கு ஞாயிறு. 30 20 * * 0 என்று எழுத வேண்டியதை 30 20 * * 1 என்று எழுதிவிட்டு, ஒரு நாள் பிந்தி ஓடுகிறதே என்று தலையைப் பிய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சுலபமான வழி: “சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொலம்போ”, ஏ, சி இரண்டும் பெரிய எழுத்து. மாற்றியதும் “சுடோ சிஸ்டெம்சிடிஎல் ரீஸ்டார்ட் கிரோன்” போடாவிட்டால் கிரோன் பழைய நேரத்திலேயே நிற்கும்.

நம் நேரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு எடுத்தார்கள், 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்தோம். வன்னியில் பழைய நேரமே ஓடியதால், இடைப்பட்ட காலத்தில் அங்கே போனால் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைக்க வேண்டியிருந்தது. இந்தத் தேசிய மாற்றங்கள் எல்லாம் லினக்ஸின் நேர வலயத் தரவுக்குள் அப்படியே இருக்கின்றன.

இப்போது நமக்குக் கோடைகால நேரம் என்று ஒன்று இல்லை. ரொறன்ரோவில் மாமா வீட்டு மேசைக்குக் கீழே சேர்வர் வைத்திருக்கிறவர்களுக்கு உண்டு. அங்கே மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு 2:00க்கும் 3:00க்கும் இடைப்பட்ட நேரமே கிடையாது. டெபியன் கிரோன் அதைப் புரிந்துகொண்டு, விடுபட்ட வேலையை உடனே பின்னால் ஓட்டும். எல்லாக் கிரோனையும் நம்ப முடியாது என்பதால் அங்கே நான் 4 மணிக்கு வைக்கிறேன்.

இரவு டேட்டாவில் மட்டும் அப்டேட் இறங்கச் செய்யலாமா?

செய்யலாம். பகல் டேட்டா கரைகிறது என்று வருகிற முறைப்பாடுகளில் உபுண்டுவுக்கும் பங்கு இருக்கிறது. ஏப்ட்-டெய்லி.டைமர் என்று ஒன்று, காலை 6, மாலை 6 என்று வைத்து, அதற்கு மேல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் எப்போதாவது எழும்பும். உலகத்துச் சேர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போய் இடிபடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நமக்கு அது சரிவராது. “சுடோ சிஸ்டெம்சிடிஎல் எடிட் ஏப்ட்-டெய்லி.டைமர்” என்று திறந்து, டைமர் பகுதியில் முதலில் வெறுமையாக ஒன்கலண்டர்= என்று ஒரு வரி, அதற்குக் கீழே உங்கள் இணைப்பின் இரவு டேட்டா நேரத்துக்குள் விழும் ஒரு நேரம், அதோடு ரேண்டமைஸ்ட்டிலேசெக்=0. இதில் ரேண்டமைஸ்ட், டிலே, செக் மூன்றின் முதலெழுத்தும் பெரியவை. அந்த வெறும் வரி முக்கியம்: அது இல்லாவிட்டால் பழைய நேரமும் ஓடும், புதியதும் ஓடும். இதிலும் பெர்சிஸ்டன்ட் ட்ரூ என்றே இருக்கிறது. இரவில் கணினியை நிறுத்துகிறவர்கள் அதை ஃபோல்ஸ் ஆக்காவிட்டால், விடிய எழும்பியதும் விடுபட்டதைப் பகல் டேட்டாவில் இறக்கத் தொடங்கிவிடும். இறக்கியதை நிறுவுவதற்கு ஏப்ட்-டெய்லி-அப்கிரேட் என்று இன்னொரு டைமர் இருக்கிறது. அதையும் கொஞ்சம் பிந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் வேலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கட்டளைக்கு முன்னால் “எஃப்லொக் -என் /டிஎம்பி/பக்கப்.லொக்” என்று போடுங்கள். ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் மற்றது தொடங்காமல் திரும்பிப் போகும்.

ஒரே ஒரு தடவை மட்டும் ஓட வேண்டும் என்றால்?

அதற்குக் கிரோன் வேண்டாம். “சுடோ ஏப்ட் இன்ஸ்டோல் ஏட்”, பிறகு “ஏட் 23:30” என்று தட்டி, கட்டளையை எழுதி, கொன்ட்ரோல் டி.

உண்மையில் ஓடியதா என்று எப்படித் தெரியும்?

“ஜேர்னல்சிடிஎல் -யூ கிரோன்” என்று போட்டால் எந்த நேரம் எந்தக் கட்டளையைத் தொடங்கியது என்று வரும். தொடங்கியது என்று மட்டுமே அது சொல்லும். நல்லபடி முடிந்ததா என்று சொல்லாது. வேலை ஏதாவது சொன்னால் கிரோன் அதை மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். நம் கணினிகளில் அஞ்சல் அனுப்பும் நிரல் அநேகமாக இல்லாததால் அந்தப் பேச்சு காற்றோடு போகிறது. ஆகவே வெளியீட்டை நீங்களே கோப்புக்குத் திருப்புங்கள்:

0 2 * * * /ஹோம்/கடை/வேலை/பக்கப் >> /ஹோம்/கடை/வேலை/பக்கப்.லொக் 2>&1

கடைசியில் இருக்கும் 2>&1 பிழைச் செய்திகளையும் அதே கோப்புக்குள் கொண்டுவரும். அதை /டெவ்/நல்லுக்கு அனுப்பச் சொல்லும் உதாரணங்கள் நிறையக் கிடைக்கும். அப்படிச் செய்தால் வேலை செத்தாலும் சத்தம் வராது.

லொக்கைத் தினமும் வாசிக்க யாருக்கு நேரம்? கொக்குவில் சம்பவத்துக்குப் பிறகு அந்த ரியூட்டரியில் நான் வைத்திருப்பது சின்ன ஏற்பாடு. பக்கப் நல்லபடி முடிந்தால் மட்டும் ஸ்கிரிப்டின் கடைசி வரி, வரவேற்பு மேசைக் கணினியில் தெரிகிற ஒரு கோப்பில் திகதியையும் பக்கப்பின் அளவையும் எழுதும். அங்கே இருக்கிற தங்கச்சி காலையில் கதவைத் திறந்து, விளக்குப் போட்டு, அந்த அளவைக் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பேனையால் எழுதுவாள். முதலில் அலுத்துக்கொண்டாள். ஒரு நாள் “அண்ணா, நேற்று 212, இன்றைக்கு 3 எண்டு கிடக்குது, சரியோ?” என்று போன் எடுத்தாள். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தார்கள். பக்கப் ஓடியிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கிரோன்டாப் முழுக்க அழிந்துவிட்டது, திரும்ப எடுக்கலாமா?

“கிரோன்டாப் -ஈ” என்று தட்டப் போய் “கிரோன்டாப் -ஆர்” என்று தட்டியிருப்பீர்கள். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்து. முதலாவது திருத்தும், இரண்டாவது ஒரு வார்த்தை கேட்காமல் முழுப் பட்டியலையும் அழிக்கும். திரும்ப எடுக்கிற கட்டளை இல்லை. லொக்கில் பழைய நாட்களைத் தேடினால் ஓடிய கட்டளைகளும் நேரங்களும் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பவும் எழுதலாம், நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இனிமேலாவது “கிரோன்டாப் -எல் > கிரோன்டாப்-பிரதி” என்பதையும் நாளுக்கு ஒரு தடவை ஓடும் வேலையாக அதே கிரோன்டாபில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அழித்த அன்று காலியான பட்டியலையே பிரதி எடுத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்த வரியும் சேர்ந்துதான் அழிந்திருக்கும்.